ஞாயிறு மட்டும் சரளம்

கார்டைப் பொருத்திய அன்று இன்னாசிமுத்து பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் பிலோமினா காபியை ஆற்றி, உறிஞ்சுகுழலை அவர் உதட்டருகே கொண்டுபோனபோது, அவர் கழுத்தில் தொங்கிய பெட்டியிலிருந்து குரல் வந்தது.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு பிலோ. ஒரு வாரமாவே இப்படித்தான் போடுற. சொல்ல முடியாம இருந்தேன்."

பிலோமினா தம்ளரைக் கீழே வைத்தாள். அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரல் அவருடையது. பழைய வீடியோக்களிலிருந்து எடுத்துச் செய்த குரல்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் 'பிலோ' என்று சொல்லும்போது கடைசி எழுத்தை இழுக்காமல் வெடுக்கென்று விடுவாரே, அதுகூட அப்படியே இருந்தது. ஐந்து வருடமாக அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

இன்னாசிமுத்து ரயில்வேயில் சிக்னல் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்று, திருச்சி கிராப்பட்டியில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த வருடமே பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போனது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் லேசாக அசையும். காது கேட்கும், எல்லாம் புரியும். தொண்டையும் நாக்கும் மட்டும் அவர் சொல்வதைக் கேட்காது. அப்போதுதான் மூளையில் மெல்லிய இழைகளைப் பதித்து 'பாணன்' என்ற பெட்டியைக் கொடுத்தார்கள். அவர் ஒரு சொல்லைச் சொல்ல நினைத்து முயன்றால், காதுக்குப் பின்னாலிருந்து வரும் கம்பி வழியாக அது பெட்டிக்கு வரும். பெட்டி யோசித்து, ஒரு பெண் குரலில், உணர்ச்சியே இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லும். தண்ணீர். வலி. ஜன்னல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பிலோமினா ஒரு பாத்திரம் கழுவி வைத்துவிடலாம்.

அதுவும் போகப்போக மோசமானது. மூளையில் இழைகளைச் சுற்றித் தழும்பு கட்டி, சமிக்ஞை மங்கியது. பெட்டி செய்த கம்பெனி மூடப்பட்டது. புதிய கம்பெனியின் 'சரளம்' என்ற மென்பொருள் வந்து, அதைப் போட்டவர்கள் தடையில்லாமல் பேசுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆனால் அதற்கு வேறு பெட்டி, வேறு இழைகள், மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். இன்னாசிமுத்துவின் இதயம் அதைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நாள் முழுக்க ஒரு வார்த்தை, சில நாள் அதுவும் இல்லை. கல்லூரி நூலகர் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா, காய்கறி வண்டிக்காரனிடம் தேவையில்லாமல் நின்று பேசுவதும், தவறான எண்ணில் வந்த அழைப்பை வைக்க மனமில்லாமல் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பதுமாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தில்லைநகர் சிகிச்சை மையத்தில் வகீதா என்ற பொறியாளர் கார்டைப் பற்றிச் சொன்னாள். பழைய பாணன் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு கார்டைச் செருகினால் சரளம் அதிலேயே ஓடும். அறுவை சிகிச்சை வேண்டாம். கார்டின் விளிம்பில் ஒரு சின்ன விசை இருக்கிறது. மேலே தள்ளினால் சரளம், கீழே தள்ளினால் பழைய பாணன்.

"குடும்ப வீடியோ, போன்ல அவர் அனுப்பின செய்தி, பேசின ஆடியோ, எது இருந்தாலும் கொண்டு வாங்கம்மா. அவர் எப்படிப் பேசுவாருன்னு அது கத்துக்கணும்" என்றாள் வகீதா. பிலோமினா வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

காபியில் தொடங்கியது நிற்கவில்லை. இன்னாசிமுத்து முன்பு அதிகம் பேசுகிறவர் அல்ல. இப்போது பேசினார். சமையலறையில் அவள் நிற்கும்போது கூடத்திலிருந்து, "என்ன தாளிக்கிற? வாசனை இங்க வருது" என்றார். அவள் முதுகுவலியைப் பற்றி விசாரித்தார். கோயிலுக்குப் போய்வந்தால் யார் வந்தார்கள், பிரசங்கம் எப்படி என்று கேட்டார். ஒருநாள், "உன் வேலையை எனக்காக விட்டே. நான் ஒரு வார்த்தை சொல்லலை. நல்லா இருக்கியான்னுகூட கேக்கலை" என்றார். அன்று பிலோமினா துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரெஜினாவுக்குப் போன் போடு" என்றார்.

ரெஜினா அவர்களுடைய ஒரே மகள். ஓசூரில் பாட்டரி தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கூட வேலை பார்த்த நவநீதனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் இன்னாசிமுத்துவுக்குத் தெரிந்தது. அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். மாப்பிள்ளை வேறு மதம், கோயிலில் தாலி கட்டவில்லை, பங்குச் சாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கோபம் என்று உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுத்துச் சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் பக்கவாதம் வந்தபோது ரெஜினா மருத்துவமனைக்கு ஓடி வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாணன் பெட்டி கிடைத்த பிறகும் அவள் வந்தால் அதிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை.

இப்போது போனில் பெட்டி பேசியது.

"ரெஜினா, அப்பா பேசுறேன். ஜாதி, மதம், ஊர் என்ன சொல்லும்னு பார்த்து உன்னை ஒதுக்கி வச்சேன். தப்பு என் மேலதான். மாப்பிள்ளையையும் புள்ளையையும் கூட்டிட்டு வாம்மா. நான் பாக்கணும்."

 ரெஜினா, "வரேம்ப்பா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். ரெஜினாவின் மகன் நிலன் தாத்தாவின் மடியில் ஏறி, பெட்டியின் மேல் வாயை வைத்து "ஹலோ" என்றான். "ஹலோ நிலன்! தாத்தா வயித்துல மிதிக்காதடா" என்றது பெட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் வெட்கப்பட்டுக்கொண்டே அவர் காலைத் தொட்டான். இன்னாசிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிலோமினா முந்தானையால் துடைத்துவிட்டாள். அது சந்தோஷக் கண்ணீர் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

பொங்கல் கழிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து இன்னாசிமுத்து கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பிலோமினா சமையலறையில் கீரை ஆய்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நாய் வளர்க்கிறார்கள், பகல் முழுக்கக் குரைக்கிறது என்றாள்.

"கட்டிப் போட்டு வச்சா குரைக்காம என்ன பண்ணும்? பாவம், அதுக்கும் பேச்சுத் துணை வேணும்ல" என்றார் அவர்.

"நீங்க எப்பருந்து நாய்க்குப் பரிஞ்சு பேச ஆரம்பிச்சீங்க?"

"வயசாகுது பிலோ. எல்லாத்து மேலயும் இரக்கம் வருது."

அவள் சிரித்துக்கொண்டே முறத்தோடு கூடத்துக்கு வந்தாள். இன்னாசிமுத்துவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது.

"என்ன பேச்சையே காணோம்? கீரை முத்தலா?" என்றது பெட்டி.

பிலோமினா முறத்தைப் பிடித்தபடியே நின்றாள். அவர் மார்பு ஏறி இறங்கியது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு பேசுறது?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு தணிந்திருந்தது.

"நான்தான் பிலோ. வேற யாரு?"

"அவர் தூங்குறாரு."

"தூக்கத்துலயும் உன் நினைப்புதான்" என்றது பெட்டி, அவர் சிரிக்கும் அதே சிரிப்போடு.

அந்தச் சத்தத்தில் இன்னாசிமுத்து விழித்துக்கொண்டார். மனைவி தன்னை அப்படிப் பார்ப்பதைக் கண்டு அவர் கண்கள் மிரண்டன. பெட்டி மட்டும் தொடர்ந்து, இன்றைக்குக் கூட்டா மசியலா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணையாக வைத்துவிட்டு பிலோமினா தில்லைநகருக்குப் போனாள். வகீதா கதவைச் சாத்திவிட்டு, பெட்டியிலிருந்து மையத்துக்கு வந்து சேரும் பதிவுகளைத் திரையில் திறந்து பார்த்தாள். 

"அம்மா, முந்தியெல்லாம் கம்ப்யூட்டர் பல ஜாதி இருந்துச்சு. ஒண்ணுல ஓடுற சாஃப்ட்வேர் இன்னொண்ணுல ஓடாது. புதுசு வாங்க முடியாதவங்களுக்காக இதே மாதிரி கார்டு வித்தாங்க. பழைய மெஷின்ல செருகினா அடுத்த கம்பெனி சாஃப்ட்வேர் ஓடும்."

"அன்னிக்கே சொன்னீங்களேம்மா."

"ஒண்ணைச் சொல்லலை. அந்தக் கார்டுல தனியா ஒரு மூளை இருக்கும். அது வேலை செய்யும்போது பழைய மெஷினோட மூளை ஒதுங்கி உக்காந்துக்கும். கீபோர்டையும் திரையையும் மட்டும் விட்டுக்கொடுக்கும். பாக்குறவங்களுக்கு அதே மெஷின்தான் வேலை பாக்குதுன்னு தோணும்."

"இங்க கீபோர்டு யாரு?"

வகீதா பதிவுகளைக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவருதானே?" என்றாள் பிலோமினா.

"ஆமாம்மா. சரளம் எழுதினது புது வகை இழைகளுக்காக. அதுல தகவல் கொட்டும். இவருக்கு இருக்கறது பழைய இழை, அதுலயும் பாதி செத்துப்போச்சு. வர்றது போதலைன்னா சரளம் யூகிச்சு நிரப்பிக்கும். நீங்க கொடுத்த வீடியோவை வச்சு, இந்த மனுஷன் இந்த இடத்துல என்ன சொல்லுவாருன்னு. அதுக்கு நீங்க சந்தோஷமா பதில் சொன்னா, யூகம் சரின்னு எடுத்துக்கும். அப்படியே போயி..."

"இப்ப அவரோடது எவ்வளவு?"

"இந்த மாசம் ஒண்ணுமே இல்லைம்மா." வகீதா திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. "அவர் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்காரு. தினமும் சமிக்ஞை வருது. சரளம் அதைச் சத்தம்னு நெனச்சுத் தள்ளிவிடுது."

பிலோமினா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கம்பெனிக்குத் தெரியுமா?"

"அவங்க கணக்குப்படி இது நல்லா வேலை செய்யுது. பேச்சு தடையில்லாம வருதா, குடும்பம் திருப்தியா இருக்கான்னுதான் பாப்பாங்க." வகீதா குரலைத் தாழ்த்தினாள். "நான் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். திரும்பி வந்து கேட்டது நீங்கதான் முதல் ஆள். மத்தவங்க யாருக்கும் சந்தேகமே வராம இருக்காது. ஒருத்தர் வீட்டுல, உயிர் போன பிறகு பாக்க வந்த டாக்டர்கிட்ட பெட்டி 'இன்னிக்குப் பரவாயில்லை சார்'னு சொல்லியிருக்கு. அப்பவும் அந்தப் பிள்ளைங்க என்னைக் கேட்டது, குரலை மட்டும் தனியா எடுத்துக் கொடுக்க முடியுமான்னுதான்."

"ரெண்டும் சேர்ந்து ஓடாதா? அவர் பேசுறதை இதுவும் கேட்டுக்கிட்டு..."

"ஓடாதும்மா. ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

ஜங்ஷன் வரை பேருந்தில் வந்து, அங்கேயிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தாள் பிலோமினா. ரயில்வே மேம்பாலத்தின் மேல் நின்று ரெஜினாவை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். 'தப்பு என் மேலதான்' என்று கேட்ட பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்த மகளின் முகம் எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லாதபோது நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தில்லைநகர்ல என்ன சொன்னாங்க? கார்டு நல்லா இருக்காமா?" என்று கேட்டது பெட்டி.

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தபடி விசையின் மேல் விரலை வைத்தாள்.

"பிலோ, என்ன பண்ற? வேணாம். நாம பேசிக்கிட்டுதானே..."

கீழே தள்ளினாள்.

அந்த வீட்டில் மறுபடியும் மின்விசிறிச் சத்தம் கேட்டது. இன்னாசிமுத்து அவளையே பார்த்தார். பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அது சிமிட்டினால் அவர் முயல்கிறார் என்று அர்த்தம். பிலோமினா காத்திருந்தாள். எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போனார். அவள் எழவில்லை.

"பிலோமினா" என்றது அந்தப் பழைய பெண் குரல்.

அவர் ஒருநாளும் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெட்டிக்குச் சுருக்கத் தெரியாது. அவள் அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு விரல்கள் அவள் புடவையைப் பற்றின.

"இத்தனை மாசமா உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

வெகுநேரம் கழித்து, "ஆமா."

அவளுக்கு மேலே கேட்கப் பயமாக இருந்தது. அவளுடன் சிரித்தது, நலம் விசாரித்தது, அவள் வேலையை விட்டதற்கு வருந்தியது, எதையுமே அவள் கேட்கவில்லை. அவை யாருடையவை என்று அவளுக்கு இப்போது தெரியும். ஒன்றை மட்டும் கேட்டாக வேண்டும்.

"ரெஜினாகிட்ட மன்னிப்புக் கேட்டது நீங்களா?"

விளக்கு சிமிட்டியது. அன்று மாலை ஜன்னலில் வெயில் இறங்கும்வரை சிமிட்டியது. இரண்டு முறை பெட்டி ஏதோ அரைகுறையாகச் சொல்லி நிறுத்தியது. மூன்றாவது முறை தெளிவாக வந்தது.

"இல்ல."

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். "அவ எவ்வளவு சந்தோஷமா இருக்கா தெரியுமா? இதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

அடுத்த நாள் முழுக்க அவர் முயன்றார். அவள் குளிப்பாட்டும்போதும், கஞ்சி ஊட்டும்போதும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஒரு சொல் வந்தது.

"ஞாயிறு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக் கார்டின் விசையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மறுபடியும் விசையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ரெஜினா போன் பண்ணும்போது மட்டும் இதைப் போடணுமா? மத்த நாள் வேண்டாமா?"

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

அப்படியே நடந்தது. திங்கள் முதல் சனி வரை வீட்டில் நாளுக்கு ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு. ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் பிலோமினா விசையை மேலே தள்ளுவாள். பெட்டி உடனே ஆரம்பிக்கும். இடையில் ஆறு நாள் போனது அதற்குத் தெரியாது. ரெஜினாவிடம் வேலையைப் பற்றிக் கேட்கும், நவநீதனின் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்கும், நிலனுக்குக் குரங்குக் கதை சொல்லும். அந்த நேரத்தில் பிலோமினா கூடத்தில் இருக்கமாட்டாள். சமையலறையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, இரண்டாவது முறையாக அரிசி களைவாள். ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பெட்டி சிரித்துக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து போன் திரையில் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்தில் வேறு யாரையோ வழியனுப்ப வந்தவர்களைப் பார்ப்பதுபோல அவர் பார்வை இருந்தது.

அவள் முன்பு தனியாக இருந்திருக்கிறாள். இது அதைவிடக் கடினமாக இருந்தது. முன்பு பேச்சில்லாத வீடு என்பது மட்டும்தான். இப்போது பேசிப் பழகிய காது. சனிக்கிழமைகளில் விசையைத் தள்ளிவிடலாமா என்று விரல் தவிக்கும். ஒரே ஒருமுறை, அவர் தூங்கும்போது தள்ளினாள். "என்ன பிலோ, முகம் வாடியிருக்கு?" என்றது பெட்டி. அதற்குக் கண்ணே கிடையாது. அவள் பதில் சொல்லாமல் அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தள்ளவில்லை.

தவக்காலம் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் ரெஜினா தனியாக வந்து இறங்கினாள். பையை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனாள்.

"அப்பா, எப்படி இருக்கீங்க?"

பெட்டி பேசவில்லை. விளக்கு மட்டும் சிமிட்டியது. ரெஜினா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கார்டு என்னாச்சும்மா?"

பிலோமினா அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கத்தில் பேசியது, வகீதா சொன்னது, ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு. சொல்லச் சொல்ல ரெஜினாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.  முடித்ததும் ரெஜினா கூடத்துக்குப் போய்த் தரையில், அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.

"அப்பா, என்கிட்ட மன்னிப்புக் கேட்டது நீங்க இல்லையா?"

"இல்ல" என்றது பெண் குரல். இந்தச் சொல் அதற்குப் பழகியிருந்தது, சீக்கிரம் வந்தது.

"சரி. நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?"

பிலோமினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைக் கேட்காதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வந்துவிட்டது.

"இல்ல."

ரெஜினா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிலோமினா ஓடிவந்து குனிந்து பார்த்தபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"இதுதாம்மா எங்கப்பா" என்றாள். "ஒவ்வொரு ஞாயிறும் போனை வச்சப்புறம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவ்வளவு அன்பா பேசுறாரு, எனக்கு மட்டும் ஏன் மனசுல ஒண்ணும் ஒட்டலைன்னு. எனக்குத்தான் நெஞ்சு கல்லாயிடுச்சோன்னு நவநீதன்கிட்டகூட சொல்லலை. அதைக் கேக்கத்தான் லீவு போட்டு வந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏன்ப்பா மன்னிக்க மாட்டீங்க? நவநீதன் நம்ம கோயில் இல்லைங்கிறதாலயா?"

விளக்கு சிமிட்டியது. "இல்ல."

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊரு பேசினதாலயா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

இந்த முறை பெட்டி வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிலோமினா சோறு வடித்தாள். ரெஜினா அந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவர் நெற்றியில் வேர்த்தது. அவள் துடைத்துவிட்டு, "அவசரமில்லைப்பா, நாளைக்கும் இருக்கேன்" என்றாள். சாப்பாடு ஆகி, தட்டுக் கழுவி வைத்த பிறகு வந்தது.

"சொல்லல."

"யாரு? நானா? நான் உங்ககிட்ட சொல்லலையா?"

இன்னாசிமுத்துவின் கண் மகளிடமிருந்து நகர்ந்து பிலோமினாவிடம் போய் நின்றது. அவள் ஈரக் கையோடு கதவருகே நின்றிருந்தாள். விளக்கு மறுபடியும் நெடுநேரம் சிமிட்டி நின்றது.

"ரெண்டு பேரும்."

 ரெஜினாவின் கல்யாணத்தன்று அவள் ஓசூரில் இருந்தாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் வந்து, ஒன்றும் நடக்காததுபோல அவருக்குத் தோசை வார்த்தாள். "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டார். "தேவலை" என்றாள். அவருக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அவர் அன்றைக்கே தெரிந்துகொண்டுதான் கேட்டாரோ, பிறகு யாரும் சொன்னார்களோ. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெட்டிக்கும் இது தெரிய வழியில்லை. அது மதத்துக்காக மன்னிப்புக் கேட்டது. அதுவும் ஊர் நம்பியதையே நம்பியிருந்தது.

"அப்பவே சொல்லிடலாம்னு நெனச்சேன்" என்று தொடங்கினாள் பிலோமினா.  "நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு... அவ நிம்மதியா கட்டிக்கட்டும்னு..."

"அம்மா, நீ இரு" என்றாள் ரெஜினா. அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "அப்பா, அன்னிக்கு நடந்தது பூராவும் இப்ப சொல்றேன். கேக்குறீங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

ரெஜினா சொன்னாள். அன்று காலையிலிருந்து மழை. ஆட்டோ கிடைக்காமல் நவநீதனின் நண்பன் வண்டியில் நனைந்துகொண்டு போனது. அலுவலகத்தில் மின்சாரம் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டது. பூமாலை வாங்க மறந்து, எதிர்க்கடையில் இருந்த இரண்டு கதம்பத்தை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டது. கட்டிக்கொண்ட மாம்பழ நிறச் சேலையில் சேறு தெறித்தது. அப்பாவுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணை எடுத்து, எடுத்து, வைத்தது. அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. ஒவ்வொன்றையும் முதல்முறையாகக் கேட்கிறவரின் முகம் அது. இத்தனை மாதத்தில் பிலோமினா அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

ரெஜினா நிறுத்தியதும் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. இருவரும் காத்திருந்தார்கள். வெளியே வெயில் மங்கியது. தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாகக் கடந்து போனார்கள்.

"சாப்பாடு" என்றது பெட்டி.

"பசிக்குதாப்பா?"

அவர் கண்ணை மூடவில்லை. பிலோமினாவையே பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலி எடுத்துப் போடாமல் அவளும் தரையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குத் தக்காளி சாதங்க" என்றாள். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பொட்டலம் வாங்கினோம். உப்பே இல்லை. இவ சாப்பிட மாட்டேன்னுட்டா, நான்தான் ஊட்டிவிட்டேன்."